ஒரு சொல்லை நம்பி வீடு மாறலாமா? ஆரம்பப் பாடசாலையின் தரத்தைக் கணக்குப் பார்த்தல்

ஜனவரி மாதத்தில் என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் இரண்டு அலுவல்களோடு வருவார்கள். ஒன்று, 31ஆம் திகதிக்குள் அனுப்பவேண்டிய வருமான வரிக் கணக்கு. மற்றது, பிள்ளையின் பாடசாலை. செப்டெம்பரில் முதன்முதலாகப் பாடசாலைக்குப் போகவிருக்கும் பிள்ளைக்கு ஜனவரி 15ஆம் திகதிக்குள் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும். எந்தப் பாடசாலை கிடைத்தது என்ற பதில் ஏப்ரல் 16இல் வரும். பற்றுச்சீட்டுகளை மேசையில் கொட்டிவிட்டு, "அண்ணை, இன்னொரு விசயம்" என்று தொடங்குவார்கள்.

போன ஜனவரியில் வந்த ஒரு தம்பியின் கதை இது.

"அங்காலை ஒரு பள்ளிக்கூடம் அவுட்ஸ்ராண்டிங்காம் அண்ணை. அதுக்குக் கிட்ட வீடு மாறுவம் எண்டு மனுசி ஒற்றைக்காலிலை நிக்கிறா. வாடகை முந்நூறு பவுண் கூட. என்ன சொல்லுறியள்?"

"அந்த அறிக்கை எந்த வருசத்தது?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. கைத்தொலைபேசியில் தேடிப்பார்த்து, 2021 என்றார். "ஒரு கடையை வாங்கப் போறீர். நாலு வருசத்துக்கு முந்தின ஐந்தொகையைக் காட்டினால் காசு குடுப்பீரோ?" என்றேன். சிரித்தார். ஆனால் வீட்டில் போய் மனைவிக்கு என்ன சொல்வது என்ற கவலை முகத்தில் அப்படியே இருந்தது. அவருக்குச் சொன்னதையும், நேரம் போதாமல் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். நான் ஆசிரியன் அல்ல, கணக்காளன். நான்கு ஆண்டுகள் ஓர் ஆரம்பப் பாடசாலையின் நிர்வாக சபையில் பெற்றோர் கவர்னராக இருந்தவன். இங்கே சொல்பவை இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் முறைகள் வேறு.

இதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. அந்தத் தம்பி செய்ய நினைத்ததை நாங்கள் 2012இல் செய்தோம்.

மூத்தவள் 2006இல் தாயோடு வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஏழு வயது. ஆங்கிலத்தில் அவளுக்குத் தெரிந்தவை நிறங்களின் பெயர்களும் ஒன்று முதல் இருபது வரையும்தான். நாங்கள் இருந்த தெருவுக்கு அடுத்த தெருவில் கவுன்சில் பாடசாலை. அக்காலத்துப் பரிசோதனை அறிக்கையில் அதற்குக் கிடைத்திருந்த சொல் 'திருப்திகரம்'. நான்கு படிகளில் மூன்றாவது படி அது. வேறு வழியில்லாமல் சேர்த்தோம். மகன் பாடசாலை போகும் வயது வந்தபோது கையில் கொஞ்சம் காசு இருந்தது. மிகச் சிறந்தது என்று பெயர்பெற்ற ஒரு பாடசாலைக்கு அருகில், மாதம் 200 பவுண் கூடுதல் வாடகைக்குப் போனோம். ஏழு ஆண்டுகளில் அந்தக் கூடுதல் வாடகை மட்டும் 16,800 பவுண். அந்தப் பாடசாலையின் அறிக்கை 2007இல் எழுதப்பட்டது. நாங்கள் குடிபோனபோது அதற்கு ஐந்து வயது. மகன் 2019இல் அங்கிருந்து வெளியேறியபோது பன்னிரண்டு வயது. வாசலில் தொங்கிய பதாகையில் அந்தச் சொல் அப்படியே இருந்தது. 2007இல் இருந்த அதிபரும் பெரும்பாலான ஆசிரியர்களும் எப்போதோ போய்விட்டிருந்தார்கள்.

இது எப்படி நடந்தது என்று பலருக்கு விளங்குவதில்லை. 2012இலிருந்து அதியுயர் தரம் பெற்ற பாடசாலைகளுக்கு வழமையான பரிசோதனையிலிருந்து சட்டப்படி விலக்கு இருந்தது. முறைப்பாடோ பெறுபேற்றில் பெரிய வீழ்ச்சியோ இருந்தால்தான் பரிசோதகர்கள் திரும்பி வருவார்கள். 2020 நவம்பரில்தான் அந்த விலக்கு நீக்கப்பட்டது. அதன்பின் முதலில் பரிசோதிக்கப்பட்ட அப்படியான பாடசாலைகளில் பெரும்பாலானவை அந்தத் தரத்தை இழந்தன. எங்களுடையதும் இழந்தது. அதற்குள் எங்கள் அலுவல் முடிந்துவிட்டது.

அறிக்கையை எங்கிருந்து வாசிப்பது

பாடசாலைகளைப் பரிசோதிக்கும் அமைப்பான ஒஃப்ஸ்ரெட் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. இன்று இணையத்தில் தேடினால் அதன் அறிக்கைகள் மூன்று விதமாகக் கிடைக்கும். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடாது.

2024 கோடை வரை வந்த அறிக்கைகளில் முழுப் பாடசாலைக்கும் ஒரு சொல் இருந்தது. மிகச் சிறப்பு, நன்று, முன்னேற்றம் தேவை, போதாது என்ற நான்கில் ஒன்று. 2024 செப்டெம்பரிலிருந்து அரச பாடசாலைகளுக்கு அந்த ஒற்றைச் சொல் நிறுத்தப்பட்டது. ரெடிங் நகரில் ரூத் பெரி என்ற அதிபர், தமது பாடசாலை மிகத் தாழ்ந்த தரத்துக்கு இறக்கப்படுவதை அறிந்தபின் 2023 ஜனவரியில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பரிசோதனை அவரது மரணத்துக்கு ஒரு காரணமாயிருந்தது என்று மரண விசாரணையில் தீர்ப்பானது. அதன்பின் எழுந்த எதிர்ப்பின் விளைவே அந்த மாற்றம். 2025 நவம்பரிலிருந்து புதிய 'அறிக்கை அட்டை' வந்திருக்கிறது. பாடத்திட்டமும் கற்பித்தலும், அடைவு, வரவும் நடத்தையும், எல்லாப் பிள்ளைகளையும் உள்வாங்குதல், தலைமைத்துவம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஐந்து படிகளில் தரம் இடப்படுகிறது. அந்த ஐந்தில் நடுப்படியின் பெயர் 'எதிர்பார்க்கப்படும் தரம்'. பழைய 'நன்று' என்பதை இந்த நடுப்படியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பள்ளிக்கூடம் கீழே போட்டுது" என்று கதைக்கிறவர்களை இப்போதே சந்திக்கிறேன். அளவுகோல் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

எந்த வகை அறிக்கையானாலும் நான் முதலில் பார்ப்பது திகதி. பிறகு நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போவேன். பழைய அறிக்கைகளில் அங்கே, பாடசாலை முன்னேறுவதற்கு என்ன செய்யவேண்டும் என்றொரு பகுதி இருக்கும். கணக்காய்வுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான விசயம். கணக்காய்வாளர் வெளியே காட்டும் அபிப்பிராயம் ஒரு பக்கம், எல்லா நிறுவனத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். முகாமைக்கு எழுதும் கடிதத்தில்தான், களஞ்சியத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதியிருப்பார். 'நன்று' என்ற தரம் பெற்ற இரண்டு பாடசாலைகளில், ஒன்றுக்குப் புவியியல் பாடத்தை ஒழுங்குபடுத்தச் சொல்லியிருக்கும். மற்றதற்கு, வாசிப்பில் பின்தங்கிய சிறுவர்களுக்குப் போதிய உதவி கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒரே குறைபாடு அல்ல. ஆரம்பப் பாடசாலையில் வாசிப்புப் பிழைத்தால் மற்ற எல்லாப் பாடமும் பிழைக்கும்.

62 வீதத்துக்குள் என்ன இருக்கிறது

எம்மவர் அறிக்கையை வாசிக்கிறார்களோ இல்லையோ, பெறுபேற்றை வாசிப்பார்கள். ஊரில் 5ஆம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையும் வெட்டுப்புள்ளியும், சித்தியடைந்தவர்களின் படத்தைப் பாடசாலை வாசலில் கட்டுவதுமாக வளர்ந்தவர்கள் நாம். ஒரு பாடசாலை நல்லதா என்றால் எத்தனை பேர் பாஸ் என்று கேட்பது எங்கள் இரத்தத்தில் ஊறியது.

இங்கே 6ஆம் ஆண்டில், மே மாதத்தில் நடப்பது சற்ஸ் பரீட்சை. வாசிப்பு, இலக்கணமும் எழுத்துக்கூட்டலும், கணிதம் ஆகியவற்றுக்கு வினாத்தாள். எழுத்தாக்கத்தை வகுப்பாசிரியரே மதிப்பிடுவார். வினாத்தாள்களின் புள்ளிகளை 80இலிருந்து 120 வரையான அளவுகோலுக்கு மாற்றுவார்கள். 100 எடுத்தால் எதிர்பார்க்கப்படும் தரம், 110 எடுத்தால் உயர்தரம். வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் எதிர்பார்க்கப்படும் தரத்தை எட்டியவர்கள் 2019இல் இங்கிலாந்து முழுவதிலும் 65 வீதம். கொவிட்டுக்குப் பின் 2022இல் 59 வீதத்துக்கு இறங்கி, 2025இல் 62 வீதத்துக்கு ஏறியிருக்கிறது.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஆண்டுக்கு ஒரே ஒரு வகுப்பு உள்ள பாடசாலையில் 6ஆம் ஆண்டில் 30 பிள்ளைகள். 20 பேர் எட்டினால் 67 வீதம். தேசிய சராசரிக்கு மேல், நல்ல பாடசாலை. 18 பேர் எட்டினால் 60 வீதம். சராசரிக்குக் கீழ், கூடாத பாடசாலை. வித்தியாசம் இரண்டு பிள்ளைகள். ஒருவன் 99 புள்ளி எடுத்து ஒரு புள்ளியால் தவறியிருக்கலாம். இன்னொருத்தி தற்காலிக வீடுகளில் மாறி மாறி இருந்து, அந்த ஜனவரியில்தான் நான்காவது பாடசாலையாக இங்கே சேர்ந்திருக்கலாம். இதனால் ஒரு வருடத்து எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. மூன்று ஆண்டுகளையும் சராசரிப் புள்ளியையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் அரச இணையத்தளத்தில் பாடசாலையின் பெயரோடு இருக்கின்றன.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். பிள்ளை எந்த நிலையில் உள்ளே வந்தது, எந்த நிலையில் வெளியே போனது என்ற வித்தியாசமே பாடசாலையின் உழைப்பு. ஆரம்ப இருப்புத் தெரியாமல் இறுதி இருப்பை வைத்து இலாபம் சொல்ல முடியாது. முன்பு 2ஆம் ஆண்டுப் பெறுபேற்றோடு ஒப்பிட்டு முன்னேற்றப் புள்ளி ஒன்று வெளியிடப்பட்டது. 2020இலும் 2021இலும் கொவிட்டினால் அந்த 2ஆம் ஆண்டு மதிப்பீடுகள் நடக்கவில்லை. ஆகவே 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் ஆரம்பப் பாடசாலைகளுக்கு முன்னேற்றப் புள்ளி இல்லை. 2021 செப்டெம்பரில் நான்கு வயதில் அடிப்படை மதிப்பீடு செய்யப்பட்டு நுழைந்த பிள்ளைகள் 6ஆம் ஆண்டை முடிப்பது 2028இல். 2024இலும் 2025இலும் நாங்கள் பார்த்தது இறுதி இருப்பை மட்டுமே.

செலவு யாருடைய புத்தகத்தில்?

எங்களுக்கேயுரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இதைப் பலர் விரும்பிக் கதைப்பதில்லை.

சட்டன், கிங்ஸ்ரன், பார்னெட், ரெட்பிரிட்ஜ் போன்ற இடங்களில் கிராமர் பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றுக்கான 11 வயதுப் பரீட்சைக்கு எம்மவர் பிள்ளைகள் 4ஆம் ஆண்டிலேயே ரியூசனுக்குப் போகத் தொடங்கிவிடுகிறார்கள். சற்ஸ் பரீட்சைக்கும் அந்தப் பரீட்சைக்கும் தொடர்பில்லை. சற்ஸ் புள்ளியை வைத்து எந்த அரச இடைநிலைப் பாடசாலையும் இடம் கொடுப்பதில்லை. ஆனால் ஒன்றுக்குப் படித்தது மற்றதிலும் தெரியும்தானே. சனிக்கிழமை காலையில் கடைக்கு மேல்மாடியில் படித்த பின்னப் பெருக்கல், மே மாதத்தில் பாடசாலையின் பெறுபேறாக வெளிவருகிறது.

என் மகனுக்கு நடந்தது இது. 3ஆம் ஆண்டில் அவன் ஆங்கிலத்தைத் தடக்காமல் வாசிப்பான். பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை, பிரச்சினை ஒன்றுமில்லை என்றார். வீட்டில் ஒருநாள் மனைவி அவன் வாசித்த பக்கத்தை மூடிவைத்து, கதையில் என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறா. அவனால் சொல்ல முடியவில்லை. அடுத்த சந்திப்பில் சொன்னோம், குறித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு அவனது வகுப்புக்கு மூன்று ஆசிரியர்கள் மாறி மாறி வந்தார்கள். கடைசியில் நாங்களும் ரியூசனுக்கு அனுப்பினோம், மணித்தியாலத்துக்கு 15 பவுண். 2019இல் அவன் எதிர்பார்க்கப்படும் தரத்தை எட்டினான். பாடசாலையின் வீதத்தில் அவனும் ஒருவன். செலவு என் புத்தகத்தில், வருமானம் அவர்களின் புத்தகத்தில்.

நிர்வாக சபைக் கூட்டம் ஒன்றில், எங்கள் பெறுபேறு கவுன்சில் சராசரியை விட உயர்வு என்று வரைபடம் காட்டப்பட்டபோது, இதில் எத்தனை பிள்ளைகள் வெளியே ரியூசனுக்குப் போகிறார்கள் என்று கேட்டேன். மேசையைச் சுற்றி ஒருவரிடமும் அந்த எண் இல்லை. அதிபர் புன்னகைத்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனார். நான் ரியூசனுக்கு எதிரி அல்ல, கட்டணம் கட்டியவன் நான்தான். ஆனால் தமிழர், குஜராத்தியர், சீனர் அதிகமாக வாழும் ஒரு பகுதியின் பாடசாலையில் 80 வீதம் என்று கண்டால், அதில் வகுப்பறையின் பங்கு எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது.

அப்படியானால் பாடசாலையின் உழைப்பு எங்கே தெரியும்? பாடசாலையைத் தவிர வேறு ஒன்றுமே இல்லாத பிள்ளையில் தெரியும். தாய் தகப்பனுக்கு ஆங்கிலம் தெரியாது, ரியூசனுக்குக் காசில்லை, வீட்டில் மேசையில்லை. 2006இல் என் மூத்தவள் அப்படியான பிள்ளை. நான் இரவில் பெற்றோல் நிலையத்தில் நின்றேன். மனைவிக்கு இந்த நாடு புதிது. அந்த 'திருப்திகரம்' பாடசாலையில் ஓர் உதவி ஆசிரியை நாள்தோறும் மதிய உணவுக்கு முன் இருபது நிமிடம் அவளைப் பக்கத்தில் இருத்தி வாசிக்க வைத்தார். ஒரு நாள் தவறியது என்று மகள் சொல்லிக் கேட்டதில்லை. அடுத்த கோடைக்குள் அவள் எனக்கு வந்த உள்துறைக் கடிதங்களை வாசித்து விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டாள். எந்த அறிக்கையிலும் அந்த இருபது நிமிடம் இல்லை.

அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று. வெளிநாட்டிலிருந்து வந்து 5ஆம், 6ஆம் ஆண்டுகளில் முதன்முதலாக ஆங்கிலப் பாடசாலையில் சேர்ந்த, ஆங்கிலம் ஆட்சிமொழியாக இல்லாத நாட்டுப் பிள்ளையை, பாடசாலை கேட்டுக்கொண்டால் வெளியிடப்படும் பெறுபேற்றுக் கணக்கிலிருந்து நீக்கலாம். பாடசாலையைத் தண்டிக்காமல் இருப்பதற்கான நியாயமான விதிதான். ஆனால் எந்தப் பிள்ளையை வைத்துப் பாடசாலையை அளக்கவேண்டுமோ, அந்தப் பிள்ளை எண்ணுக்குள்ளேயே இல்லாமல் போகலாம்.

போய்ப் பார்ப்பது

ஆகவே நேரில் போகவேண்டும். திறந்த நாளில் எல்லாச் சுவரும் புதிதாக இருக்கும், கண்காட்சிக்குப் போனமாதிரி. முடிந்தால் சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பார்க்கக் கேளுங்கள். பெரும்பாலான ஆரம்பப் பாடசாலைகள் ஒழுங்கு செய்து தருவார்கள்.

நான் இளம் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் கேள்வி: "போன ஆண்டு ஆங்கிலம் தெரியாமல் வந்த பிள்ளைக்கு முதல் மாதத்தில் என்ன செய்தீர்கள்?" உண்மையாகச் செய்பவர்கள் உடனே ஒரு குறிப்பிட்ட பிள்ளையை நினைத்துப் பதில் சொல்வார்கள், பெயர் சொல்லாவிட்டாலும். செய்யாதவர்கள், எங்கள் பாடசாலையில் 40 மொழிகள் பேசப்படுகின்றன என்று பெருமையாகச் சொல்வார்கள். அது மறுமொழி அல்ல.

அடுத்தது வாசிப்பு. 1ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஃபொனிக்ஸ் சோதனை உண்டு. 40 சொற்கள், அவற்றில் 20 அர்த்தமில்லாத கற்பனைச் சொற்கள். அ என்றால் அம்மா, ஆ என்றால் ஆடு என்று படத்தைப் பார்த்து ஒப்புவிக்கும் பிள்ளையைப் போல, பார்த்துப் பழகிய சொல்லை நினைவிலிருந்து சொல்லும் பிள்ளையையும் எழுத்தைக் கூட்டி வாசிக்கும் பிள்ளையையும் பிரித்தறிவதற்கே அந்தக் கற்பனைச் சொற்கள். வழக்கமாக 32 சொற்கள் சரியானால் போதும். நாடு முழுவதிலும் ஐந்தில் நான்கு பிள்ளைகள் இதைத் தாண்டுகிறார்கள். இதன் பெறுபேறு பாடசாலை வாரியாக வெளியிடப்படுவதில்லை, நீங்கள்தான் கேட்கவேண்டும். கேட்டுவிட்டு அடுத்த கேள்வியையும் கேளுங்கள்: தாண்டாத பிள்ளைக்கு 2ஆம் ஆண்டில் யார், வாரத்தில் எத்தனை தடவை உதவுகிறார்கள்? 3ஆம் ஆண்டிலும் வாசிக்க முடியாத பிள்ளை ஒன்று இருந்தால் அதற்கு என்ன நடக்கிறது?

4ஆம் ஆண்டில் வாய்ப்பாட்டுச் சோதனை ஒன்றும் இருக்கிறது. கணினியில் 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு வினாடி. எங்கள் வீடுகளில் இதற்குக் குறைவிருக்காது, விடுங்கள்.

6ஆம் ஆண்டு வகுப்பறைக்குள் போனால் விஞ்ஞானக் கொப்பியையும் வரலாற்றுக் கொப்பியையும் பார்க்கக் கேளுங்கள். ஜனவரியோடு அந்தக் கொப்பிகளில் பக்கங்கள் வெறுமையாகி, சற்ஸ் பயிற்சித் தாள்கள் மட்டும் குவிந்திருந்தால், பெறுபேறு எங்கிருந்து வருகிறது என்று விளங்கிவிடும். 2019இன் பரிசோதனைச் சட்டகம் 'கல்வியின் தரம்' என்ற தலைப்பைக் கொண்டுவந்து, பரீட்சை எண்ணை மட்டும் பாராமல் எல்லாப் பாடங்களிலும் என்ன கற்பிக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

பிறகு ஆசிரியர்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் போனார்கள், எத்தனை வகுப்புகளை இடைக்கால ஆசிரியர்கள் நடத்துகிறார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நான் அதைக் கேட்கத் தெரியாமல் விட்டவன். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஆசிரியரையும் சந்தியுங்கள். உங்கள் பிள்ளைக்குத் தேவையில்லை என்றாலும் சந்தியுங்கள். எங்கள் சமூகத்தில் ஓட்டிசம் என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளோடு பொறுமையாக இருக்கும் பாடசாலை எல்லாப் பிள்ளைகளோடும் பொறுமையாக இருக்கும்.

வரவுசெலவு

இது என் தொழில், ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கவுன்சில் பாடசாலை என்று நாங்கள் சொல்வது, காணியும் கட்டடமும் கவுன்சிலுக்குச் சொந்தமாகி, ஆசிரியர்களின் தொழில்தருநரும் கவுன்சிலாகவே இருக்கும் பாடசாலை. அக்கடமிகளுக்குப் பணம் நேரே மத்திய அரசிலிருந்து வருகிறது. இரண்டிலும் பணத்தின் பெரும்பகுதி பிள்ளைகளின் தலையை எண்ணியே வருகிறது. ஒக்டோபர் மாதக் கணக்கெடுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதே அடுத்த ஆண்டு வருமானம்.

4 வயது முதல் 7 வயது வரையான வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். 60 இடங்கள் உள்ள ஆண்டில் 44 பிள்ளைகளே சேர்ந்தால், ஒரு வகுப்பில் அடக்க முடியாது. இரண்டு ஆசிரியர் வேண்டும், சம்பளம் குறையாது, ஆனால் 16 பிள்ளைகளின் பணம் வராது. லண்டனில் பிறப்பு குறைந்து, வாடகை தாங்காமல் குடும்பங்கள் வெளியேற, பல ஆரம்பப் பாடசாலைகள் இந்த நிலையில்தான் இருக்கின்றன. சில மூடப்பட்டும் இணைக்கப்பட்டும் விட்டன. பற்றாக்குறை வந்தால் முதலில் வெட்டப்படுவது உதவி ஆசிரியர்களின் நேரம். என் மகளுக்குக் கிடைத்த இருபது நிமிடம் போன்றவையே முதலில் போகும். ஒவ்வொரு பாடசாலையின் வருமானத்தையும் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்க அரச இணையத்தளம் ஒன்று உண்டு, யாரும் பார்க்கலாம். இடம் நிரம்பாத பாடசாலை கூடாத பாடசாலை என்று இதற்கு அர்த்தமில்லை. சிறிய வகுப்பு சில பிள்ளைகளுக்கு வரம். ஆனால் ஐந்தாண்டுத் திட்டம் என்ன என்று கேட்கவேண்டும்.

இதில் நாங்களே பாடசாலைக்குச் செய்யும் நட்டம் ஒன்றும் உண்டு. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை இலவச உணவுக்குப் பதிவு செய்தால், அந்தப் பிள்ளைக்காகப் பாடசாலைக்கு 'பியூப்பில் பிறீமியம்' என்ற மேலதிக நிதி வரும். ஆரம்பப் பாடசாலைக்கு இப்போது ஆண்டுக்கு 1,500 பவுணுக்குச் சற்று மேல். ஒருமுறை பதிவானால் ஆறு ஆண்டுகளுக்கு வரும். ஆனால் 2014இலிருந்து முதல் மூன்று ஆண்டு வகுப்புகளுக்கும், லண்டனில் 2023 செப்டெம்பரிலிருந்து அரச ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம். "சாப்பாடு கிடைக்குதுதானே, பிறகேன் அந்தப் படிவம்? எங்களை ஏழையள் எண்டு நினைப்பினம்" என்று தகுதியுள்ளவர்களும் விட்டுவிடுகிறார்கள். இருபது குடும்பங்கள் அப்படி விட்டால் பாடசாலைக்கு 30,000 பவுண் இல்லை. ஓர் உதவி ஆசிரியையின் ஆண்டுச் சம்பளம் அது. தஞ்சக் கோரிக்கை முடிவாகாமல் அரச உதவியில் இருக்கும் குடும்பங்களும் பதியலாம். படிவத்தை நிரப்பத் தெரியாதவர்கள் என்னிடம் கொண்டுவரட்டும், காசு வாங்கமாட்டேன்.

கவுன்சில் பாடசாலையின் நிர்வாக சபையில் பெற்றோரால் தெரிவு செய்யப்பட்ட இருவராவது இருக்கவேண்டும் என்பது விதி. கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கி வாசிக்கலாம். அவற்றில் யாராவது அதிபரிடம் ஒரு கடினமான கேள்வி கேட்டதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருடக் குறிப்புகளில் எல்லாம் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது', 'நன்றி தெரிவிக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தால், அந்தச் சபை இருந்தும் இல்லாததே. இடம் காலியானால் நில்லுங்கள். என் ஆங்கிலம் போதாது என்று நானும் இரண்டு தேர்தலை விட்டவன்தான்.

அந்தத் தம்பியும் மனைவியும் இரண்டு பாடசாலைகளுக்கும் போனார்கள். 2021இல் மிகச் சிறப்பு என்று எழுதப்பட்ட பாடசாலையில், ஆங்கிலம் தெரியாமல் வரும் பிள்ளை பற்றிக் கேட்டபோது அழகான கையேடு ஒன்று கொடுத்தார்களாம். இப்போதிருக்கும் வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலையில், அதிபரே 3ஆம் ஆண்டு வகுப்பு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். உள்ளே ஒரு மூலையில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த பையன் ஒருவன், ஓர் உதவி ஆசிரியையோடு ஒரே புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தானாம். விண்ணப்பத்தில் ஆறு பாடசாலைகள் வரை போடலாம். இதை முதலாவதாகவும் மற்றதை இரண்டாவதாகவும் போட்டார்கள். முதலாவதே கிடைத்தது. மனைவிக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை என்கிறார். அவவின் தமக்கையின் பிள்ளை மற்றப் பாடசாலையில்தான் படிக்கிறதாம். பிள்ளை 3ஆம் ஆண்டுக்கு வரட்டும், புத்தகத்தை மூடிவைத்துக் கதையைக் கேட்டுப் பாரும் என்று சொல்லியிருக்கிறேன்.